குதிரைக்குத் தீனி வைக்கப் போனவள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதிய இரண்டு புத்தகங்களும் மதிப்பீட்டுக்காக என்னிடமே வந்திருக்கின்றன. நான் உன் தங்கை என்று பதிப்பகத்தில் இன்னும் சொல்லவில்லை.

உன் மாய உலகத்தை விவரிக்கும் முதல் புத்தகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையேறி ஓடும் ஆறும், பொய் சொன்னால் மூடிக்கொள்ளும் கோட்டை வாசலும் நீ கதை சொல்ல, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடிய நாட்களில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்தவை. பகடை உருண்டு சோபாவுக்கு அடியில் போகும் சத்தம்கூடக் கேட்டது.

அந்த உலகத்தில் ஆடுவதற்கான சாகசக் கதையாக வரும் இரண்டாவது புத்தகம்தான் சறுக்குகிறது. ஆடுபவர்களை மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துப் போகிறாய். அப்போதெல்லாம் நாங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும், "சரி, அங்க என்ன இருக்குன்னு நீயே சொல்லு" என்பாய்.

அப்புறம், கடைசி விடுதியின் லாயத்தில் ஒருத்தி குதிரைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்களில் நான் பாத்திரமேற்று ஆடிய அதே இடக்கை வில்லாளி. கதையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் வெட்டச் சொல்லியிருப்பேன்.

ஆட்டத்துக்கு யார் வராவிட்டாலும், "குதிரைக்குத் தீனி வைக்கப் போயிருக்கா, வந்துடுவா" என்று அவர்களுடைய பாத்திரத்தைச் சாகவிடாமல் காப்பாற்றுவாயே. நான் மேசையைவிட்டு எழுந்து போன அந்த நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இத்தனை வருஷமும் நீ எனக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தாய் என்பது மட்டும் புரிகிறது.

குதிரைகள் தின்று முடித்துவிட்டன, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை.

லாயத்திலிருந்து,
உன் தங்கை