ருசி பார்க்கும் விரல்

மார்ச் 4

"இப்போ சர்க்கரை நோய் இல்ல. ஆனா ஆறாம் மாசம் வாக்கில வர வாய்ப்பு உங்களுக்கு அதிகம்" என்றார் டாக்டரம்மா, என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு – மூன்றும் எல்லையை எட்டிப் பார்க்கின்றனவாம். பிள்ளை தங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் குற்றப்பத்திரிகையா?

வீட்டில் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். "எல்லாம் அந்த கேக் கடையால வந்தது. வேலைய விட்டுடு." என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

க்ரீம் அடித்து, பூ வைத்து, நான் சம்பாதித்த பெயர் அது.

மார்ச் 5

விட மாட்டேன்.

மார்ச் 9

பிடித்துவிட்டேன்! காலையில் க்ரீம் அடித்ததும் ஆள்காட்டி விரல் தானாக வாய்க்குப் போனது. கையும் களவுமாக! ரத்தம் கொடுத்த அன்றும் முதலில் கடைக்குத்தானே வந்தேன்? ஒவ்வொரு கிண்ணத்திலும் ருசி பார்த்தேனே! "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் இல்லை – ருசி பார்ப்பதை எங்கள் தொழிலில் யார் சாப்பாடு என்பார்கள்?

ஆக, தாள் சொன்னது தப்பு. மறுபடி எடுக்கச் சொல்லப் போகிறேன். அப்புறம் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13

வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"மூணு மாசச் சராசரிய நாலு வாய் க்ரீம் மாத்தாதும்மா." டாக்டரம்மா சிரித்தார். எனக்கு வரவில்லை.

"வேலைய விடணுமா?"

"எதுக்கு? நின்னு நடந்து செய்யற வேலைதானே, நல்லது. வாயை மட்டும் கட்டுங்க."

மார்ச் 14

இனி ருசி பார்ப்பது நீங்கள்தான் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"நானா? எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்!"

"கத்துக்கோங்க."

ஏப்ரல் 21

சாப்பிட்டதும் நடக்கிறேன், தெருமுனை வரை போய்த் திரும்பி, மறுபடியும். அவரும் கூட வருகிறார். "ஒரு வருஷம் வீட்ல இருந்தா என்ன?" என்று மெல்ல ஆரம்பித்தார். நடையைக் கூட்டினேன். அவருக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு நின்றது.

ஜூன் 16

பரிசோதனைக்காக ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். குமட்டும் தித்திப்பு. எங்கள் கடையாக இருந்தால் கொட்டியிருப்பேன்.

ஜூன் 17

வந்துடுச்சு.

இவ்வளவு செஞ்சும். என்னத்தத் தின்னேன் நான்? சொல்லு, என்னத்தத் தின்னேன்? பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

முன்கூட்டியே கண்காணித்ததால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்தப் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, குளியலறையில் அழுதேன்.

கதவைத் திறந்தால் மாமியார் அங்கேயே நிற்கிறார். ரொம்ப நேரமாக நின்றிருப்பார் போல.

"இவ்ளோ வாயைக் கட்டியும் வருதுன்னா..." என்று இழுத்தார். "அப்போ அது கடையால வரல. இல்ல?"

இதைக் கேட்க எனக்கு நோயே வர வேண்டியிருந்தது. கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் நீட்டிய துண்டை வாங்கி முகம் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 2

காலையில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைக்க வேண்டும். ஆள்காட்டி விரலைத்தான் நீட்டுகிறேன். வேறு விரலில் குத்தலாமே என்கிறார் அவர். இத்தனை வருஷம் க்ரீம் ருசித்த விரல், கொஞ்சம் வலிக்கட்டும்.

இன்று அளவு எல்லைக்குள் இருந்தது. உள்ளே ஒருவர் உதைத்துக்கொண்டே இருக்கிறார்.

இதை எழுதி முடிப்பதற்குள் மாமியார் வேகவைத்த காயை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்.

"இன்னும் என்ன எழுத்து? கடைக்கு நேரமாகல?"