துடைத்தவரும் ஓட்டியவளும்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், சிவப்பு வண்டியும் நலம். அப்பாவுக்குத்தான் பெருமையில் லேசான அடி. பயப்படாதே, தானே ஆறிவிடும். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு பழைய வண்டிகள் சங்கத்தின் மலைப்பாதை ஓட்டம். சங்கம் என்றால் பதினான்கு ஆண்கள், பதினான்கு வண்டிகள், நூறு துடைக்கும் துணிகள். வருடா வருடம் வண்டிகளை லாரியில் ஏற்றி வந்து, மைதானத்தில் நிறுத்தி, பேசிவிட்டுப் போவார்கள். அப்பாவும், தான் மூன்றாம் கியரில் வளைவில் வண்டியைத் திருப்பிய கதையை அங்கே முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். திருப்பியது நான். உனக்கே இது புதிதாக இருக்கலாம். பாலங்களுக்கு வரைபடம் போட்டுச் சேர்த்த சம்பளத்தில் நான் வாங்கிய வண்டி அது. இரண்டே இருக்கை. கூரையை மடித்துவிட்டுத் தனியாக ஓட்டுவேன். காற்று, இஞ்சின் சத்தம், நான். பிறகு கல்யாணம், பிறகு நீ. உன்னை வைக்க அதில் இடமில்லை. வண்டி கொட்டகைக்குள் போனது. அப்பா துணியை எடுத்தார். வாரம் ஒருமுறை இஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார்.

இந்த வருடம் புதுத் தலைவர், ஒரு பல் டாக்டர், லாரி கூடாது, சொந்தக்காரரே ஓட்டி மேலே வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் வண்டியை நானே கேட்டு வாங்குவதா என்ற வீம்பு. தொப்பி, தோல் கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினார். பக்கத்து இருக்கையில் நான். சமதரையில் எப்படியோ வந்துவிட்டார். முதல் ஏற்றத்தில் வண்டி குதித்தது, நின்றது, பின்னால் வழுக்கியது. பின்னால் தலைவரின் வெள்ளை வண்டி. நான் கைபிரேக்கை இழுத்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே, "ஏம்மா, யாரும் பாக்கறதுக்குள்ள மாறி உக்காந்துக்கலாமா" என்றார். "பாக்கட்டுமே. வண்டி யாருதுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க, ஓட்டுறேன்" என்றேன்.

இறங்கினார். கையுறையைக் கழற்றினார். டாக்டரிடம் போய், "இது என் சம்சாரத்தோட வண்டி சார், எனக்குத் துடைக்க மட்டும்தான் தெரியும்" என்றார். டாக்டர் தன் பக்கக் கதவைத் திறந்தார். பிறகு, "நல்லவேளை, நீங்க முதல்ல சொன்னீங்க" என்று சொல்லித் தன் மனைவிக்கு இடம் விட்டு இறங்கினார். உச்சிக்குப் போனபோது எண்ணிப் பார்த்தேன், ஆறு வண்டிகளைப் பெண்கள் ஓட்டி வந்திருந்தார்கள்.

என் கால் எதையும் மறக்கவில்லை. மூன்றாவது வளைவில் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவா, மெதுவா என்றார். மெதுவாகப் போவதற்கு நான் அதை வாங்கவில்லை. மேலே அவருக்குப் பளபளப்புக்கான கோப்பை கொடுத்தார்கள். நியாயம்தான்.

உன் லைசென்ஸ் இந்த மாதம் முடிகிறது என்றாயே, புதுப்பித்துவிடு. மாப்பிள்ளைதான் ஓட்டுகிறாரே என்று இருந்துவிடாதே. இருவரும் நீண்ட நாள் நிறைவாக இருங்கள். இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் செய்யாதே. நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா