உன் கிற்றாரை மெலனியிடம் கொடுத்துவிட்டேன்

என் அன்பு மச்சான் ரொனி,

உன் கிற்றார் இப்போது உன் மகளிடம் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யேசு பாலன் பிறந்த அந்த நத்தார் நாளின் பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். மறுநாள் தன்னாமுனையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்க உன் கிற்றாரைத் தரும்படி கெஞ்சினேன். அதை யாருக்கும் இரவல் கொடுக்காதவன் நீ. லூசி அக்காதான், "குடுத்தனுப்புங்க, நம்மட சவரிதானே" என்று உன்னை மடக்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் வீடு வந்தேன்.

காலையில் கடல் உங்கள் டச்பாருக்குள் ஏறியது. உன்னையும் அக்காவையும் கொண்டு போனது. வீடிருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. அந்த நத்தாருக்குக் கொழும்பில் பெரியம்மா வீட்டில் நின்றதால் மெலனி தப்பினாள். என்னிடம் இருந்ததால் கிற்றார் தப்பியது.

நீ அன்று தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அதுவும் போயிருக்கும். உன்னை நினைத்து அழுத நாட்களிலும், நல்ல காலம் வாங்கி வந்தேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்படியொரு சந்தோஷம் வரலாமா, மச்சான்?

அதன் அருமை உனக்குத் தெரியும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பில் ஜாஸ் வாசித்த ஒருவர் ஊர் திரும்பும்போது உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வயலினைப் போல நடு உயர்ந்த மேற்பலகை, இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். கடையில் வாங்கும் கிற்றாரில் சத்தம் இழுபட்டுக்கொண்டே போகும். இது சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடும். பழைய மரம் வாசிக்க வாசிக்க இன்னும் திறந்துகொடுக்கும் என்பாய். நீ போன பிறகுதான் அது எனக்கு விளங்கியது. உன் கட்டை விரல் தேய்த்த இடத்தில் என் விரல் பழகிவிட்டது. நான் உன்னோடு வாசித்த காலத்தைவிட நன்றாக வாசிக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

மெலனியின் ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் நான். அது அவளுடைய சாமான் என்று தெரியாமல் இருக்கவில்லை. பாதை சரியில்லை, சண்டை முடியட்டும், கொண்டுபோய்க் கொடுப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சண்டை முடிந்தது. அடுத்த வீட்டுக்காரர் வன்னியில் தன் தமக்கையின் குடும்பத்தைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, வெளியே கேட்காமல், அதை வாசித்துக்கொண்டிருந்தேன். இனிச் சொல்ல எனக்கு ஒரு சாட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போன கிழமை மெலனி கொழும்பிலிருந்து வந்தாள். தாயைப் போலவே, லூசி அக்காவின் அதே நெற்றி. தேத்தண்ணீர் குடித்தபடி, "அங்கிள், அப்பாட கிற்றார் உங்களிட்ட இரிக்கெண்டு பெரியம்மா சொன்னா. ஒருக்காக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன். கிற்றார் பக்கத்து அறையில் கிடந்தது. அவள் என்னை நம்பி, பரவாயில்லை, இன்னொருமுறை வரும்போது பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

அவள் போனதும் என் மனைவி ராணி வெற்றுக் கோப்பைகளை எடுத்தாள். "அந்தப் புள்ளைக்குத் தாய் தகப்பன்ட ஒரு படம்கூட இல்ல" என்றாள். கோப்பைகளோடு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை மெலனி தங்கியிருந்த வீட்டுக்குப் பெட்டியோடு போனேன். திருத்தக் கொடுத்ததாகச் சொன்னது பொய் என்றேன். கொடுக்க மனம் வரவில்லை என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது அங்கிள். அந்தச் சத்தத்தை ஒருக்காக் கேக்கத்தான் வந்த நான்."

வாசித்தேன். நத்தாருக்கு நீ கடைசியாக வாசித்த அதே மெட்டை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நல்லா இரிக்கு. ஆனா அப்பா இப்பிடி வாசிக்கிறல்ல" என்றாள்.

குத்திக்காட்டவில்லை, மச்சான். உண்மையைத்தான் சொன்னாள். இத்தனை காலம் உன் சத்தத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் என் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். அவள் கிற்றாரை வாங்கி மடியில் படுக்க வைத்து, துளையருகே முகத்தைக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். எங்கள் வீடு மணக்குது என்றாள்.

மனமாரக் கொடுத்தேன் என்று உனக்கு எழுத ஆசைதான். அது பொய். பஸ்ஸில் அவள் அதை ஏற்றும்போது, வெயில் படாத பக்கம் வை என்று சொல்லும் சாட்டில் இன்னொரு தடவை பெட்டியைத் தொட்டேன். இன்றைக்கும் விரல் நுனி தேடுகிறது.

வருசத்தில் ஒருதரமாவது வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போவேன், மச்சான். வாசித்து முடித்ததும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளின் ஞானத்தகப்பன்,
சவரி