பலகையில் இருந்த கை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அடுப்படிக் குழாய் மட்டும் நலமில்லை. அத்தை அதன் வாயைத் துணியால் கட்டிவைத்திருக்கிறாள். விடுமுறைக்கு வந்த உங்கள் நண்பர் நாளை நீங்கள் வேலை செய்யும் நாட்டுக்குத் திரும்புவதால் இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். கடைசியில் எழுதியிருப்பது அவளுக்குத் தெரியக்கூடாது.

“உங்க பொண்ணுக்கு வாய் நீண்டுபோச்சு” என்று அம்மா உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி, மரம் ஏன் பழுப்பாக இருக்கிறது என்பது. மரம் மட்டுமா? சருகு, மண், விதை, குருவியின் முதுகு என்று எங்கே திரும்பினாலும் பழுப்பு. ஆனால் வானவில்லில் அந்த நிறமே இல்லை! நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். மரத்தை விறைப்பாக நிற்கவைக்கும் லிக்னின் என்ற பொருளும், பூச்சி அரிக்காமலிருக்க மரம் தனக்குள் சேர்த்துவைக்கும் துவர்ப்புச் சத்தும், வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தை அதிகமாக விழுங்கிவிடுகின்றன. மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் மிஞ்சித் திரும்பி வருகின்றன. மங்கலான அந்த மிச்சம்தான் நாம் பார்க்கும் பழுப்பு. இலையில் பச்சை போன பிறகும் துவர்ப்பு போவதில்லை, அதனால் சருகு பழுப்பு. சருகு மக்கிச் சேர்வதால் மண்ணும் பழுப்பு. அது அழுக்கு இல்லை அப்பா. மரம் நிற்பதற்கும் பிழைப்பதற்கும் செய்த வேலையின் நிறம்.

வெயில் பட்டால் லிக்னின் மாறிப் பழுப்பு இன்னும் கூடும்; அதை வைத்து இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி கண்டுபிடித்தேன். கீழ்க்கடைத் தச்சர் மாமா எனக்கு ஒரு புது வெளிர்ப் பலகை தந்தார். என் கையை அட்டையில் வரைந்து, வெட்டி, பலகைமேல் ஒட்டி, விடுமுறை முழுவதும் மொட்டைமாடி வெயிலில் போட்டுவைத்தேன். அட்டையை எடுத்தால் சுற்றிலும் நல்ல பழுப்பு, நடுவில் மட்டும் வெள்ளையாக என் கை!

டீச்சர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு, “நீ எழுதிக் குடுத்துடும்மா, நம்ம கிளாஸ் லீடர் பேசட்டும். மேடைன்னா கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும் இல்லையா?” என்றார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டுமாம். லீடர்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் என்னைவிட வெளுப்பு, அவ்வளவுதான்.

இதற்கிடையே உங்கள் அக்காவின் திருவிளையாடல். எனக்கு வாங்கிவைத்த முகம் வெளுக்கும் கிரீமை நான் தொடவே இல்லை என்று அத்தைக்கு ஏற்கெனவே வருத்தம். கண்காட்சி அன்று காலையில், தச்சர் மாமாவிடம் உப்புத்தாள் வாங்கி, பலகையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டாள். வெயில் பட்ட பழுப்பு மேலாகத்தானே இருக்கும்? சுத்தமாகப் போய்விட்டது. கையும் போய்விட்டது. “கருகின பலகையைத் தூக்கிட்டுப் போனா நம்ம மானம் என்னடி ஆகும்? இப்ப பாரு, பளபளன்னு!” என்று பெருமையாக நீட்டினாள். அழக்கூட நேரமில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

லீடர் மனப்பாடம் செய்ததை மடமடவென்று சொல்லி, “இதோ, பலகையில் நீங்கள் காணும் கை” என்று திரும்பினாள். மொட்டைப் பலகை. விருந்தினராக வந்த பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “கை எங்கேம்மா?” என்று கேட்டார். அவள் பலகையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அரங்கம் முழுக்கச் சிரிப்பு.

நான் முன்னால் வந்தேன். வெளுத்த பலகைமேல் என் கையை விரித்து வைத்து, “கை இதோ இருக்கு ஐயா” என்றேன். மைக்கையும் வாங்கிக்கொண்டேன். பலகைக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். என் வாட்சைக் கழற்றி, அதன் அடியில் வெளிறியிருந்த பட்டையைக் காட்டினேன். மரத்தில் இருப்பது வேறு பொருள், தோலில் இருப்பது வேறு. ஆனால் வெயிலை மேலேயே மறித்து உள்ளே இருப்பதைக் காப்பது இரண்டுக்கும் வேலை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறாள் அம்மா. நான் நிறுத்தவில்லை. “இதைக் கண்டுபிடிச்சு எழுதினது நான். மேடைக்குப் பளிச்சுன்னு ஆள் வேணும்னு என்னைப் பின்னாடி நிறுத்தினாங்க” என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் பள்ளியில் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் அறிவியல் மன்றத்தில் இடமில்லையாம். அம்மா, “ஒரு வரி கிறுக்கிக் குடுத்துட்டுப் போயேன்டி” என்று கெஞ்சுகிறாள். அத்தைதான் திடீரென்று என் பக்கம் சாய்ந்துவிட்டாள். “தேய்ச்சது நான். மன்னிப்பு வேணும்னா என்னைக் கூப்பிடச் சொல்லு, வந்து நல்லாக் கேக்குறேன்” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். கிரீம் டப்பாவை இப்போது காணோம். நான் கேட்கவும் இல்லை.

அப்பா, நான் எழுத மாட்டேன். நான் சொன்னதில் எந்தச் சொல் பொய் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் கடிதம் எழுத ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். வேறு எது சொன்னாலும் கேட்கிறேன். இதை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்.

இனி, அம்மாவுக்குத் தெரியக்கூடாதது. போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து, “ஏசி ரூம்ல உக்காந்து எழுதுற வேலை இல்லையா, நல்லாக் கலர் வந்துட்டாரு” என்று அம்மா மகிழ்ந்துபோனாள். முகத்தைப் போனிலேயே வெளுக்கவைக்கலாம் என்று எனக்குத் தெரியும். கையை மறந்துவிட்டீர்கள். உங்கள் வாட்ச் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அது இருந்த இடம் என் பலகையில் இருந்த கையைப் போலவே வெள்ளையாக இருந்தது. ஏசி அறையில் உட்காருகிறவருக்கு அது வராது; ஒரு விடுமுறை வெயிலுக்குக்கூட அவ்வளவு வராது அப்பா.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். அடுத்த படத்தை எப்படி இருக்கிறீர்களோ அப்படியே அனுப்புங்கள். என் மேசைக்கு நேரே மாட்டிவைக்கப்போகிறேன். யார் வந்து கேட்டாலும், இவர்தான் என் அப்பா என்று சத்தமாகச் சொல்வேன். அதற்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உங்கள் நிறத்திலேயே பிறந்த,
உங்கள் மகள்