காணிக்கையாகப் போனவை

பிப்ரவரி 4

என்னங்க,

சுகமாக இருக்கிறீர்களா? முதுகுக் கட்டைப் போன வாரம் அவிழ்த்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடிக்கு நர்ஸம்மா மேலேயே சாய்ந்துவிட்டேன். “நடக்கச் சொன்னா என் மடியில வந்து உக்கார்றீங்களே” என்று சிரித்தார். மாடிப்படியில் விழுந்த இந்த ஐந்து மாதத்தில் இதுவே பெரிய காரியம்.

ஒரு விஷயம். வார்டில் ஜெபம் செய்ய வந்த போதகர், வீட்டில் சும்மா கிடக்கும் பொருள்களைப் பற்றிப் பேசினார். எனக்கு என் தையல் மிஷின்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. கணவனை இழந்த அந்தத் தெருமுனைப் பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அது எவ்வளவு செல்லம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஆண்டவர் அதைக் கேட்கிறார் போல. யார் கொடுத்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உங்கள் சிட்டு

பிப்ரவரி 19

அன்புள்ள சிட்டு,

மிஷினைக் கொடுத்தாயிற்று. தூக்கிக் கொடுத்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாகச் சொன்னேன். நாம் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிக் கொடுக்கத் தோன்றும்? எல்லோரும் என் கையைப் பிடித்துப் பிடித்துக் குலுக்கினார்கள். கொடுப்பதில் இப்படி ஒரு சந்தோஷம் இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. உன் மர அலமாரியையும் கொடுக்கும்படி ஆண்டவரால் ஏவப்பட்டேன். நாளை வண்டி வருகிறது.

நம் கடையில் கண்ணாடி வெட்டுகிற ஆள் லீவு. இந்த மாதம் வர முடியாது.

உன் கணவன்

மார்ச் 11

என்னங்க,

அலமாரி போனது சரி. அதற்குள் இருந்த புடவைகளை எங்கே வைத்தீர்கள்?

இப்போது பத்து அடி நடக்கிறேன். பக்கத்துக் கட்டில் பெண் குளிர்காய்ச்சலில் நடுங்குகிறாள், பார்க்க யாரும் வருவதில்லை. அவள் அசந்திருந்த நேரம் பார்த்து என் கம்பளியைப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிதான் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

உங்கள் ரேடியோவையும் சாய்வு நாற்காலியையும் ஆண்டவர் கேட்கவே இல்லையா? சும்மா விளையாட்டுக்குக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் சிட்டு

மார்ச் 28

சிட்டு,

புடவைகள் விதவைகள் இல்லத்துக்குப் போய்விட்டன. பாத்திரங்களில் பாதியும் போயிற்று. ஒற்றை ஆளுக்கு எதற்கு அத்தனை? ரேடியோவில் நான் தேவ செய்தி கேட்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் வேதம் வாசிக்கிறேன். பரிசுத்தமான காரியத்தில் கேலி வேண்டாம். படுக்கையில் இருப்பவளுக்குப் பொருளாசை ஆகாது.

உன் கணவன்

ஏப்ரல் 15

என்னங்க,

மே பத்தாம் தேதி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் வார்டு முழுக்கச் சொல்லியாயிற்று.

நேற்று எதிர்வீட்டுப் பெண் பார்க்க வந்தாள். நான் வீட்டுக்கு வரப்போவதைச் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. “அக்கா, உங்க கட்டில் எங்க வீட்லதான் இருக்கு. 'அவ இனிமே வரமாட்டா, நீங்களே வச்சுக்குங்க'ன்னு சொல்லித்தான் அண்ணன் குடுத்தாரு. இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் வாங்கியிருப்பேனா?” என்று அழுதாள். அவளை நான்தான் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

தப்பாக ஏதோ காதில் வாங்கியிருப்பாள். தரையில் படுத்து எழ என்னால் ஆகாது. வேறு கட்டிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சிட்டு

ஏப்ரல் 30

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

மூன்று நாள் உபவாசம் இருந்து கேட்டேன். உன்னிடம் இருப்பதில் அருமையானது எது என்று ஆண்டவர் கேட்டார். உன்னைத்தான் சொன்னேன். உன்னையே அவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன். சபை நடத்தும் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. படி ஏற வேண்டாம், வேளாவேளைக்குச் சாப்பாடு. உன்னைத் தூக்கி உட்காரவைக்கவும் கழுவிவிடவும் எனக்கு இனித் தெம்பு இல்லை. பத்தாம் தேதி வண்டி வந்து நிற்கும். முறுமுறுக்காமல் கீழ்ப்படிந்து ஏறிக்கொள். போன ஞாயிறு சாட்சி சொன்னபோது சபையில் அழாதவர்கள் இல்லை.

உனக்காக ஜெபிக்கும்
சகோதரன்

மே 12

ஐயா,

வண்டி வந்தது. டிரைவர் அரை மணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்க ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை. நர்ஸம்மா பேசி வாங்கிக் கொடுத்தார். கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். இந்த எட்டு மாதத்தில் நீங்கள் ஒரே ஒருநாள் வந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். கழிப்பறைக்கு நானேதான் போய் வருகிறேன். யாரும் என்னைக் கழுவிவிட வேண்டியதில்லை.

மிஷினைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அது நான் கொடுத்தது. மற்றதெல்லாம் நீங்கள் எடுத்துக் கொடுத்தது.

காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் ஆண்டவர் என்னிடம் ஒன்றைக் கேட்கிறார். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை. இப்போது எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். மாட்டேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே என்று கேட்டிருக்கிறேன். கொடுத்த அன்று எழுதுகிறேன். அதுவரை நீங்களும் எழுத வேண்டாம்.

துணி மடிக்கிறவள்