வாசலோடு திரும்பிய மூலை

1998 ஜூலை, செவ்வாய். இஷா தொழுத பின்.

மூத்த பேரன் டோஹாவில் கம்பியூட்டரில் வீடு வரைகிறான். இளையவன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். பேத்தி றிஸானா ஏ.எல். பாஸ். ஹஜ் மாதம் அவளுக்குக் கலியாணம். சீதன வீடு அதற்குள் முடிய வேண்டும்.

பேரன் அனுப்பிய படத்தில் அறை, யன்னல், தண்ணிக் குழாய் எல்லாம் கட்டி முடித்த வீடு போலவே தெரிகின்றன. இன்று மேசன் காசிம் அதைப் பார்த்து அத்திவாரத்துக்கு நூல் பிடித்தான். படத்தில் வாசல் கடலைப் பார்த்துக் கிழக்கே. பாதையோ வடக்கே. அவன் தாளை அப்படியே திருப்பிக்கொண்டான். வாசலோடு கக்கூஸும் திரும்பி, மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து உட்காரும்படி வந்துவிட்டது.

"மனே, கக்கூஸ் கிப்லாவப் பாக்குதே!"

"கம்பியூட்டர் கீறினது மூத்தம்மா, பிழைக்குமா?"

"கம்பியூட்டர் தொழுறல்லயே!"

சிரித்தவன் தாளை மறுபடி பார்த்தான். "ஓம், மெய்தான். கட்டின பிறகெண்டா உடைக்கத்தான் வேணும்."

அந்த மூலையை விட்டு மற்றதைத் தோண்டச் சொன்னேன். வேலை நிற்காது.

பேரனில் பிழையில்லை. பாதை வடக்கே என்று நாங்கள்தான் எழுதவில்லை. ஆனாலும் அஞ்சாம் வகுப்போடு நின்ற மூத்தம்மா தன் படத்தில் குறை கண்டாள் என்று நினைப்பானோ...

நாளைக்குப் பேரனுக்கு இவ்வளவுதான் எழுதுவேன்: மகன், வாசலை வடக்கே வைத்துப் புதுப் படம் ஒன்று போஸ்ட் பண்ணு. அதோடு உன் படமும் புதிதாக ஒன்று வை. போன படத்தில் மெலிந்திருந்தாய்.