கொய்யாத் தோட்டத்தில் நான் சொன்ன பொய்

அக்கா,

இன்றைக்குக் காலையில் எங்கள் அடுக்குமாடி வாசலில், கல் இடுக்கில் முளைத்த புல்லுக்கு மருந்தடித்தார்கள். நாலாம் மாடி வரை அந்த வாடை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன், அங்கேயும் வந்தது. காப்பி இறங்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆவடியில் சீருடை தைக்கும் வேலையில் ஒரே மேசையில் எத்தனை வருஷம் உட்கார்ந்தோம். நீங்கள் தைப்பீர்கள், நான் சரிபார்ப்பேன். ஓய்வு பெற்றதும் ஊரே ஃப்ளாட் வாங்க, உங்களுக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போனது. பட்டாபிராம் தாண்டி அரை ஏக்கரில் கொய்யா வைத்தீர்கள். ஒரு உரமூட்டையைக்கூட உள்ளே விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கீரை போடும் அண்ணன் கொடுத்த சாணம், விழுந்த சருகு, அறுத்துப் போட்ட புல், அவ்வளவுதான். மண் காலடியில் மெத்தென்று அமுங்கும். ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டுவீர்கள். "மோந்து பாருடி, மூச்சு வுட்டுகினு கீது." அதற்குள் மண்புழு நெளியும். நான் அலறுவேன், நீங்கள் சிரிப்பீர்கள்.

மூட்டு ஆபரேஷனுக்குப் போனபோது தோட்டத்துச் சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். உங்கள் மகள் பெங்களூரில். புல் முழங்கால் உயரம் நின்றது. சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கத்தரிக்கிற கை அக்கா இது, சும்மா இருக்குமா? நீங்கள் வரும்போது தோட்டம் பளிச்சென்று இருக்கட்டும் என்று களைக்கொல்லி வாங்கி நானே அடித்தேன். காய்ந்த புல்லையும் சருகையும் கூட்டிக் கொளுத்தினேன். வெயிலில் தரை சிமெண்ட் பூசியதுபோல் இறுகிவிட்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

கோல் ஊன்றி வந்தீர்கள். குனிய முடியாமல் குனிந்து ஒரு மரத்தடியில் தோண்டினீர்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரு புழு இல்லை. ஏழு வருஷம் நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த மண். "இன்னாடி ஆச்சு?" என்று என்னைக் கேட்டீர்கள். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலிப் பக்கம் கையைக் காட்டினேன். "அவங்க அடிச்ச மருந்து காத்துல வந்து எல்லாம் கருகிடுச்சுக்கா. நான்தான் கூட்டிக் கொளுத்துனேன்."

அப்போதே வேலியோரம் போய்க் கீரை அண்ணனோடு சண்டை போட்டீர்கள். "என் புள்ளைங்க மேல சத்தியம்மா, நான் அடிக்கல" என்றார் அவர். நீங்கள் நம்பவில்லை. நான் பக்கத்தில்தான் கல்லாட்டம் நின்றேன். பாவி.

அவர் சாணமும் வேண்டாம் என்றீர்கள். தட்டைப்பயறும் சணப்பும் விதைத்து, பூவெடுத்ததும் மடக்கி மண்ணிலேயே உரமாகப் போட்டீர்கள். வாராவாரம் தோண்டிப் பார்த்தீர்கள். புழு வருவதற்குள் உங்கள் நெஞ்சுத் துடிப்பு நின்றுபோனது. உங்களைத் தூக்கும்போது அவர் மாலையோடு தெருமுனையிலேயே நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சாவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, உங்கள் மகள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். புல்லை நான் தொடுவதில்லை. போன மழைக்குப் பிறகு, கிணற்றோரத்து மரத்தடியில் மண்புழுக் கழிவு குருணை குருணையாகக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டியவள், அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்து நேரே கீரை அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "தெரியும்மா. நீ மருந்து மெஷினை முதுகுல மாட்டிகினு அடிச்சத நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏண்ணே அக்காகிட்ட சொல்லல?"

"அந்தம்மா ஆஸ்பத்திரிலருந்து வந்து நிக்குது. கூட இருந்தது நீ ஒருத்திதான். உன்னையும் இல்லேன்னு ஆக்கிட்டா, அது யாரப் புடிச்சிகினு நடக்கும்?"

ஆமாம் அக்கா. கடைசி வரை என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மரங்களுக்கு நடுவே நடந்தீர்கள். இப்போதும் தோட்டத்துக்குள் காலை வைத்ததும் வலது தோளில் உங்கள் கை வந்து விழுகிறது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.